இரண்டு அம்பாஸடர்கள்

தேவதானத்தில் என் மாமா வீட்டில் இரண்டு அம்பாஸடர் மோட்டார்கள் இருந்தன. 1960-களின் 'மார்க் 2' ஒன்று. 1990-களின் '1800 ஐ.எஸ்.இஸட்.' மற்றொன்று. 2014-இல் உத்தரபாரா ஆலையில் உற்பத்தி நின்றபின், ஒன்றை விற்று மற்றதைப் பேணுவதென்று தீர்மானமாயிற்று. எதை விற்பது?

உருவத்தில் இரண்டும் சகோதரர்களே. மூத்தவனுக்கு 1489 ஸி.ஸி. எஞ்சின், நான்கு கியர். இளையவனுக்கு ஜப்பானிய இஸுஸு வகுத்த 1817 ஸி.ஸி. எஞ்சின், ஐந்து கியர். வல்லவன் இளையவன்தான், ஐயமில்லை. ஆனால் கியர்த்தண்டு ஸ்டியரிங்கை விட்டுத் தரைக்கு இறங்கியதும், முன்னிருக்கை இரண்டாகப் பிரிந்துவிட்டது. மாமாவுக்கும் அத்தைக்கும் நடுவே பேத்தி அமர்ந்து நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலுக்குப் போவாளே, அந்த இடம் தொலைந்தது! (இதற்குப் பெயர் அபிவிருத்தியாம்.)

"உங்களுக்கோ இருதய நோய். நள்ளிரவில் இராஜபாளையம் ஆஸ்பத்திரிக்கு எது விரைந்து சேர்க்கும்?" என்றார் அத்தை.

மூத்தவனை விற்றோம். பேத்தி இப்போது பின்னிருக்கையில் தனியே அமர்கிறாள்.