மூன்றடி தூரத்தில் தவில்

கோலாலம்பூர் லோரோங் ஸ்காட் கந்தசுவாமி கோயில் மண்டபத்தில் அந்தத் தவில்காரர் வலக்கை விரல்களுக்குக் கூடு மாட்டிக்கொண்டிருந்தார். துணிப்பட்டையைப் பசை தடவிச் சுற்றிச் சுற்றிக் காயவைத்துச் செய்த கூடு, கல்லாய் இறுகியிருந்தது. பத்து வருஷமாக இவருடைய தவிலைத் தேடித் தேடிக் கேட்டிருக்கிறேன். கேட்டதெல்லாம் திருவிழாக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, ஒலிபெருக்கி வழியாக. இல்லையென்றால் கைப்பேசியில். அந்தக் கையை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. இடக்கையில் கழி உரசும் இடமெல்லாம் தோல் காய்த்துத் தடித்துப் போயிருந்தது.

“கிட்ட இருங்கோ தம்பி. காது அடைக்கும், பரவாயில்லையோ?” என்றார். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. ஊர் யாழ்ப்பாணம்.

இந்தக் கோயிலுக்கு யாழ்ப்பாணத் தவில் புதிதில்லை. ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்க்க வந்த இலங்கைத் தமிழர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே எழுப்பிய கோயில் இது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற இந்தப் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம், ரயில்காரர்களின் பேட்டையாகவும் ஆன காலம் அது.

அவருடைய பைக்குள் பூமாலை போட்ட சின்னப் படம் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி. 1933இல் பிறந்து, தமிழ்நாட்டு மேடைகளிலும் கொடிகட்டிப் பறந்து, 1975இல் மறைந்துவிட்ட தவில் மேதை. “அவரை நேரிலை பாக்கக் கிடைக்கேல்லை. கசெட்டிலை கேட்டுத்தான் பழகினனான்” என்றார். எனக்கு இவர் எப்படியோ, இவருக்கு அவர் அப்படி.

சுவாமி புறப்படும் நேரம். முதலில் தவில் மட்டும் அலாரிப்பு வாசித்தது. பிறகு நாயனம் சேர்ந்து கம்பீரநாட்டையில் மல்லாரி எடுத்தது. அடித்த அடி காதுக்கு வருமுன் தரை வழியாக என் தொடைக்கு வந்துவிட்டது. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் கூடு கட்டிய விரல்கள் பொரி பொரிவதுபோல் விழுந்தன. இடப்பக்கமான தொப்பியில் இடக்கைக் கழி அழுத்தி எழுந்தது. இதெல்லாம் நான் எதிர்பார்த்து வந்ததுதான்.

எதிர்பாராதது உலா முடிந்து உட்கார்ந்த பிறகு நடந்தது. நாயனக்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கையில் நரசிங்கம்பேட்டை ஆச்சாமரத்து நாயனம். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற அதே ஊர்க் கருவி. சீவாளியை நாக்கால் ஈரப்படுத்தி, இரண்டு முறை ஊதிப் பார்த்து, திருப்தியில்லாமல் கழற்றி வேறொன்றைப் பொருத்தித் தோடியைத் தொட்டார். தோடி விரிய விரியத் தவில் அடங்கியது. நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் கழி தொப்பியை விட்டு விலகவே இல்லை. தோலின் மேல் அதை வைத்து அமுக்கி, நாயனத்தின் மூச்சு முடியும் இடத்தில் ஒரே ஒரு ‘கும்’. மறுபடி காத்திருப்பு. தவில்காரர் நாயனக்காரரின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கன்னம் ஒட்டும்போது இவர் கை எழும். ஒலிபெருக்கி இத்தனை வருஷமாக இந்தக் ‘கும்’மை எனக்குத் தந்ததே இல்லை. நாயனத்துக்கு நேரே வைத்த ஒலிவாங்கிக்குத் தொப்பியின் அடிக்குரல் எட்டுவதில்லை. தவில் என்றால் வேகமும் இரைச்சலும் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இவருடைய வித்தையில் பெரியது காத்திருத்தல்தான் என்று இப்போது சொல்வேன்.

முடிந்ததும் கூடுகளைக் கழற்றி டப்பாவில் அடுக்கினார். வெளியே மழை. “இந்த ஈரத்துக்குத் தோல் தளர்ந்து போகுது” என்று திருகுகளை ஒருமுறை இறுக்கினார். பலாக்கட்டைத் தவிலைத் தோளில் தூக்கிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் அதை மாட்டிக்கொண்டு நடக்க என்னால் ஆகாது. வேலை பெர்மிட் புதுப்பிப்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். குடும்பம் ஊரில் இருக்கிறது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மறுநாள் கிள்ளானில் கல்யாண வாசிப்பு என்றார். “தாலி கட்டேக்கை மட்டும் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பாப்பினம்.”

குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். எனக்குச் சுட்டது. கிள்ளானில் என் தங்கை கல்யாணத்தில் மேளக்காரர்களை மேடைக்குப் பக்கவாட்டில், குளிரூட்டிக்கு அடியில் உட்கார வைத்தவன் நான். அவர்கள் என்ன ராகம் வாசித்தார்கள் என்று இன்றைக்கும் தெரியாது.

உங்கள் வீட்டில் அடுத்த கல்யாணம் வரும்போது மேளத்துக்கு எதிரில் நாலு நாற்காலி போடுங்கள். முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம் முன்னதாக ஒலிபெருக்கியை அணைக்கச் சொல்லிவிட்டு, நீங்களும் வந்து உட்காருங்கள்.