பேசாத பெரியப்பா

மேடையேறி முழங்குவோரை உலகம் நினைவில் வைக்கும். வீட்டினுள் ஒரு நீதியை நிலைநாட்டிவிட்டு வாய்மூடி இருப்போரை எளிதில் மறந்துவிடும். அத்தகையோருள் ஒருவர் என் பெரியப்பா. கெடாவில் பீடோங்கை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர். விடியுமுன் பெரட்டுக்குப் போவார். கெடாத் தோட்டங்களில் கள்ளுக்கடை எதிர்ப்பு மூண்ட 1947-ஆம் ஆண்டுக்கு வெகு முன்னரே, சம்பள நாளில் கள்ளுக்கடைப் பக்கம் திரும்பாமல் நேரே லயத்துக்கு வந்தவர். ஊரார் அவரைப்பற்றி அறிந்தது அவ்வளவே.

1942-43-இல் ஜப்பானியர் சயாம்–பர்மா இரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களினின்று பல்லாயிரம் தமிழரைக் கொண்டு சென்றனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்குச் சென்றவருள் என் தந்தையும் ஒருவர், திரும்பவில்லை. அன்று என் தாய்க்கு வயது 22.

யுத்தம் முடிந்து சில ஆண்டுகளில், பிள்ளைகளோடு அவரை ஏற்று மணக்க ஒருவர் முன்வந்தார். லயத்துப் பெரியவர்கள் குலமானம் பேசினர். மனைவியை இழந்த ஆண் மறுமாதமே மாலை சூடுவது எந்த மானம் என்று அவர்கள் ஆராய்ந்திலர். பெரியப்பா ஒன்றே சொன்னார்: "தம்பி போய்விட்டான், அவள் ஏன் சாகவேண்டும்?"

மணத்தை அவரே நடத்திவைத்தார். ஈராண்டுக் காலம் அவர் வீட்டு நன்மை தீமைக்கு உறவினர் எவரும் வரவில்லை. அவரோ பொங்கல்தோறும் வெல்லமும் பச்சரிசியும் சுமந்து, தாய்வீட்டுச் சீர்போல, சுங்கை பட்டாணியிலிருந்த எங்கள் இல்லத்துக்கு நடந்தே வந்தார்.

தோழர்களே, குடும்பப் பற்றுடையோர் பலர். நலிந்த ஒருத்திக்காகக் குடும்பத்தையே எதிர்த்து நின்றோர் சிலர். "வாயில்லாத மனிதர்" என்றே உறவினர் இன்றும் அவரைக் குறிப்பிடுகின்றனர்.