சத்தம் செத்துப்போச்சு, கேக்கலையா?

லேசர் அறைக்குள் நுழையும்முன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வாசல் தட்டில் போடச் சொன்னார், ஆய்வகத்தில் எனக்கு மூத்தவரான அண்ணன். அதுதான் எனக்கு முதல் பாடம். எங்கள் என்.டி.யாக் லேசரின் 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. மோதிரத்தில் பட்டுத் தெறித்தால் யார் கண்ணுக்குள் போகும் என்று சொல்ல முடியாது.

வேலை என்னவோ கேட்பதற்கு எளிதுதான். பீக்கரின் அடியில் இரும்புத் தகடு, அதன்மேல் கொஞ்சம் தண்ணீர், மேலிருந்து லென்ஸ் வழியாக லேசர். நொடிக்கு 10 ஷாட். பட்ட இடத்தில் இரும்பு ஆவியாகி, தண்ணீரோடு வினைபுரிந்து, அந்தக் கணமே குளிர்ந்து ஆக்சைடுத் துகளாகிவிடும். 1987லேயே புனேயில் ரூபி லேசரால் தண்ணீருக்குள் இரும்பைச் சுட்டுக் கட்டுரை எழுதிவிட்டார்கள். அண்ணனுக்கோ கட்டுரையைவிட உப்புத்தாள் முக்கியம். தகட்டைத் தேய்த்து, எத்தனாலில் அலசி, உடனே பீக்கரில் இறக்கிச் சுட ஆரம்பித்துவிடுவார். நான் ஒருமுறை தகட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து அப்படியே சுட்டதில் பழைய துருவும் புதுத் துகளும் கலந்த கஞ்சிதான் கிடைத்தது.

முதல் மாதம் முழுக்க என் ஃபோகஸ் தப்பிக்கொண்டே இருந்தது. ஏ.டி.எம். ரசீதை வைத்து, மிகச் சிறிய கரும்புள்ளி விழும் உயரத்தைப் பிடித்து, தகட்டை அங்கே வைப்பேன். பிறகு 8 மில்லிமீட்டர் தண்ணீர் ஊற்றுவேன். தண்ணீர் ஒளியை வளைக்கும், ஃபோகஸ் இரண்டரை மில்லிமீட்டருக்குமேல் கீழே இறங்கிவிடும் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கைக்கு அது தெரிந்திருக்கவில்லை.

"தம்பி, சத்தம் செத்துப்போச்சு, கேக்கலையா?" என்றார் அண்ணன்.

சரியாக இருந்தால் டக், டக் என்று விரல் சொடுக்குவதுபோலக் கேட்கும். ஃபோகஸ் விலகினாலும், ஒரே இடத்தில் குழி விழுந்தாலும், கறுத்த நீர் ஒளியைப் பாதி வழியில் விழுங்கினாலும் அது மழுங்கிவிடும். அண்ணன் லென்ஸை இம்மி இம்மியாக உயர்த்துவார். தலையைச் சாய்த்தபடி, காது மட்டும் பீக்கர் பக்கம். அளவு மீறினால் தண்ணீருக்குள்ளேயே பொறி பறக்கும், தகட்டுக்கு ஒன்றும் போய்ச் சேராது. எனக்கு அந்தக் காது வர ஒரு வருடம் ஆயிற்று. தகட்டை மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கவும், ஒட்டும் குமிழ்களை அவ்வப்போது தட்டிவிடவும் அதற்குள் கை பழகிவிட்டது.

ஒரு மணி நேரம் சுட்டால் சில மில்லிகிராம்தான். பக்கத்து அறையில் அமோனியா ஊற்றி வீழ்படிவாக்குகிறவர்கள் அரை மணியில் கிராம் கணக்கில் அள்ளிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உப்புப் போக அவர்கள் கழுவிக் கழுவி ஊற்ற வேண்டும். நாங்கள் எதையும் சேர்ப்பதில்லை, எனவே கழுவவும் ஒன்றுமில்லை.

ஒருநாள் குப்பியருகே காந்தத்தைக் கொண்டுபோனேன். கருந்துகள் ஓரமாக வந்து குவிந்தது. 'மேக்னடைட்' என்று நோட்டில் எழுதினேன். அண்ணன் அதை அடித்துவிட்டு 'இரும்பு ஆக்சைடு' என்று எழுதினார், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார். மேக்ஹமைட்டும் காந்தத்துக்கு வரும். ஆக்சைடாகாத இரும்புத் துளியும் வரும். எக்ஸ்-கதிரில் மேக்னடைட், மேக்ஹமைட் கோடுகள் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்று விழும். ராமன் நிறமாலையில் பார்த்துவிடலாம் என்று போனேன். வந்தது ஹெமடைட்! அது காந்தத்துக்கு இப்படி ஓடிவராதே. இரண்டு வாரம் திரும்பத் திரும்பச் சுட்டேன், எங்கே தவறு என்று பிடிபடவில்லை. கடைசியில் பார்த்தால், அவசரத்தில் நான் முழுத் திறனில் வைத்திருந்த ராமன் கருவியின் லேசரே துகளை வறுத்துச் சிவப்பாக்கியிருந்தது. திறனைக் குறைத்து, நேரத்தைக் கூட்டியதும் 670 செ.மீ.⁻¹ஐ ஒட்டி மேக்னடைட்டின் மேடு எழுந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. கேள்விக்குறியை மட்டும் அடித்தார்.

அந்தக் குப்பி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. மூடி சரியாக இறுகாததால் காற்றுப் பட்டு, கருப்பு பழுப்பாகிக்கொண்டு வருகிறது. பெயரை எழுதும்முன் தேதியை எழுதுங்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது அதனால்தான். நீங்களும் வாருங்கள், உப்புத்தாளிலிருந்து தொடங்கலாம். மோதிரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தால் நல்லது, வாசல் தட்டில் இப்போது இடமில்லை.