ஓக் மரப் பள்ளமும் புளியங்குடியும்

தமிழ்நாட்டு இரயில் நிலையத்தில் வார இதழ் ஒன்றை வாங்கிக்கொண்டு தில்லி வண்டி ஏறிய நம்மவர்க்கு, ஹிக்கின்பாதம்ஸ் என்பது பழகிய பெயர். ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் என்னும் ஆங்கிலேயர் 1844-இல் சென்னையில் தொடங்கிய புத்தகக்கடை அது. அவர் 1888-லும் 1889-லும் அந்நகரின் ஷெரீபாகவும் விளங்கினார். அண்ணா சாலையில் 1904-இல் எழுந்த மாளிகையில் அக்கடை இன்றும் நடைபெறுகிறது. ஆயினும் அப்பெயரின் பொருளை நம்மில் எத்தனை பேர் வினவியிருப்போம்?

அது ஓர் ஊர்ப்பெயர் என்பர் பெயராய்வாளர். இங்கிலாந்தின் வடமேற்கே, பழைய லங்காஷயரில், போல்ட்டன் நகரையடுத்த ஓக்கன்பாட்டம் என்னும் இடமே அதன் மூலம். ‘ஓக்கன்’ ஓக் மரத்தைச் சுட்டும். ‘பாட்டம்’ என்பது பள்ளத்தாக்கின் அடிநிலம். நாளடைவில் ஓக்கன் ஹிக்கின் ஆயிற்று. பாட்டம் பாதம் ஆயிற்று. நம் ஊர்ப்பெயர்களைத் திரித்த நாக்கு, தன் சொந்த ஊரையும் விட்டுவைக்கவில்லை!

ஊர்ப்பெயர் ஒருவர்க்குப் பெயராவது எப்போது? ஊரிலேயே இருப்பவனை ஊர்ப்பெயரால் யாரும் அழைப்பதில்லை. அங்கு எல்லாரும் அவ்வூரார்தாமே. வேற்றூர்க்குப் பெயர்ந்தவனையே ‘இன்ன ஊரான்’ என்பர். நம் வழக்கிலும் எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘எம்’ மதுரை, ஆர்.கே. நாராயணின் ‘ஆர்’ இராசிபுரம். ஆங்கிலேயர் ஊரை முழுதாகச் சுமந்தனர். நாமோ ஓரெழுத்தாகச் சுருக்கிக்கொண்டோம். சுருக்கியதைத் தொலைப்பது எளிது.

மோதி பாக்கில் வாழும் எங்களுக்கு இது சென்ற மாதம் புலனாயிற்று. மகனுடைய விண்ணப்பத்தாளில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம். தலைப்பெழுத்துக்கு இடமே இல்லை. தந்தை பெயரை அதில் இட்டோம். பாட்டனார் ஊராகிய புளியங்குடியின் ‘பு’ வெளியே நின்றுவிட்டது. தந்தை பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறும், மாறாதிருந்தது அவ்வோரெழுத்துத்தான்.

“நான் பார்க்காத ஊர் என் பெயரில் எதற்கு, அப்பா?” என்றான் மகன். ஹிக்கின்பாதத்தின் கதையைச் சொன்னோம். இரு ஊர்ப்பெயர்களையும் ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பார்த்தான். புளியங்குடிக்குப் பதினோரெழுத்து, ஹிக்கின்பாதத்துக்குப் பன்னிரண்டு.

“அவர்கள் பெயரே கட்டத்தில் அடங்குகிறதே!” என்று பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.