பட்டாவுக்கு ஒரு கூடு

காற்றுக் காலத்தில் வல்லை வெளியைக் கடந்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். கோப்பாய், நீர்வேலி வாழைத் தோட்டங்கள், ஆவரங்கால் என்று வீடும் மரமுமாக வந்த பாதை சட்டென்று வெறுமையாகிவிடும். இரண்டு பக்கமும் உவர் நிலம், நடுவில் தொண்டைமானாற்று நீரேரி, அதன் மேல் பாலம். சென்ற ஆடி மாதம் அந்த வெளியில்தான், நாம் ஏற்றிச் சென்ற இரும்புக் கூடு எமக்கு ஏற்றதல்ல என்று முதன்முதலில் எனக்குத் தோன்றியது. காற்று வண்டியின் முதுகைப் பிடித்து உலுப்பியது. சாரத்தியம் செய்த அக்கா ஒன்றும் பேசவில்லை. சுக்கானை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

வடமராட்சி கிழக்கைச் சேர்ந்த நான்கு சகோதரிகளின் கதை இது. தமது பெயர்களை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். நால்வருமே குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். பனங்கட்டி, புழுக்கொடியல், ஒடியல்மா, மிளகாய்த்தூள் ஆகியவற்றைச் செய்து கோவில் திருவிழாக்களில் விற்கிறார்கள். ஆவணியில் நல்லூரும் சந்நிதியும், புரட்டாதியில் வல்லிபுரம். பகலில் விற்றுவிட்டு இரவில் வீடு திரும்பினால் எண்ணெய்க் காசே இலாபத்தைத் தின்றுவிடும். தங்குவதென்றால் பெண்களுக்குப் பாதுகாப்பான இடம் வேண்டும்.

ஆகவே 2024 இல் சேமிப்பையும் கடனையும் சேர்த்துப் பழைய ‘பட்டா’ ஒன்றை வாங்கினார்கள். 2005 இல் இந்தியாவில் அறிமுகமான ‘ரார்ரா ஏஸ்’ என்ற சிறு பாரவண்டியைத்தான் நம் ஊரில் பட்டா என்கிறோம். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2025 இல்தான் படிப்படியாக மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதற்கிடையில் பழைய வண்டிகள் விற்ற விலையை வாசகிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வண்டி வாங்கிய கையோடு, அதன் பின்பெட்டியில் ஏற்றவும் இறக்கவும் கூடிய ஒரு கூடு செய்விப்போம் என்று தீர்மானித்தார்கள். திருவிழாக் காலத்தில் அதுவே கடை, அதுவே படுக்கை. மற்ற நாட்களில் கூட்டை இறக்கிவைத்துவிட்டு வண்டியை வாடகைக்கு ஓடலாம்.

இது புதிய யோசனையல்ல. நம் பாட்டிமார் கூடாரவண்டிலில் அரிசி, பானை, பாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு சந்நிதிக்கும் வற்றாப்பளைக்கும் போனவர்கள்தானே. அமெரிக்காவில் சிறு பாரவண்டியின் முதுகில் படுக்கையும் அடுப்பும் உள்ள கூட்டை ஏற்றி ஊர் சுற்றுவார்கள். ஜோன் ஸ்ரைன்பெக் என்ற எழுத்தாளர் 1960 இல் தன் நாயுடன் அப்படி ஒரு வண்டியில் நாடு முழுவதும் சுற்றினார். அவருக்குப் பெரிய வண்டி. எமக்கோ பட்டா.

யாழ்ப்பாணத்தில் இரும்பு ஒட்டும் கடையொன்றில் ஆயத்தமாக ஒரு கூடு இருந்தது. தகரச் சுவர், இரும்புச் சட்டம், உள்ளே இறாக்கைகள், பின்னால் ஒரு கதவு. பச்சை வர்ணம் அடித்துப் பார்க்க அழகாக இருந்தது. நான்தான் அளவெடுத்தேன். வண்டிப் பெட்டியின் வெளிப்பக்கத்தை அளந்து, ‘ஐந்தடி அகலம், சரியாக இருக்கும்’ என்று சொல்லிவிட்டேன். பக்கக் கதவுகளின் தடிப்பை மறந்துபோனேன்! கூட்டின் அடிப்பகுதி உள்ளே இறங்கவே இல்லை. உள்ளளவுதான் கணக்கு, அதிலும் ஒவ்வொரு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி விட வேண்டும் என்பதைச் சமூகவியல் படித்த எனக்குக் கடைக்காரத் தம்பி சொல்லித்தந்தார். கூட்டின் அடியை ஒரு நாளில் ஒடுக்கித் தந்து, “ஏத்திக்கொண்டு போய் ஓடிப் பாருங்கோ, பிடிச்சால் எடுங்கோ” என்றார்.

அப்படித்தான் நாம் வல்லையைக் கடந்தோம். முன்னால் இரண்டு பேர்தான் இருக்கலாம். ஓடும் வண்டியில் கூட்டுக்குள் ஒருவரும் இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். மற்றவர்கள் நெல்லியடிக்கு பஸ்ஸில் வந்தார்கள். அங்கிருந்து வல்லிபுரம். வழக்கமாகக் கடை போடும் இடம் மணல். நிறுத்தி ஐந்து நிமிடம் ஆகவில்லை, பின்சில்லுகள் இரண்டும் இறங்கிவிட்டன. ரயரில் கொஞ்சம் காற்றை விட்டு, பலகை வைத்து, கோவிலுக்கு வந்த பெடியள் தள்ளித்தான் வெளியே எடுத்தோம். ஏன் பின்சில்லு மட்டும் தாழ்ந்தது? கூடு பெட்டியைவிட ஓரடி நீளம். கதவும் இறாக்கையும் சாமானும் எல்லாம் பின்னச்சுக்கு அப்பால் தொங்கிக்கொண்டிருந்தன.

திரும்பும் வழியில் ஒரு அரிசி ஆலையின் தராசில் நிறுத்தோம். கூடு மட்டும் 380 கிலோ. பட்டா சுமக்கக்கூடியது ஏறக்குறைய 750 கிலோ. ஆலை வாசலில் குந்தியிருந்து கொப்பியில் கூட்டிப் பார்த்தோம். சாமான் 250, நூறு லீற்றர் தண்ணீர் 100, காஸ் சிலிண்டர் 27, முன்னால் இருக்கும் இருவர் 120. எல்லாமாக 877. கூடு வாங்கும்போது வெறுங்கூட்டின் பாரத்தையே எல்லோரும் கேட்கிறோம். தண்ணீருக்கும் மனிதருக்கும் பாரம் உண்டென்பது நினைவில் வருவதில்லை. அலுமினியச் சட்டம், பிளைவுட், மேலே தறப்பாள் என்று செய்தால் கூடு 140 கிலோவுக்குள் அடங்கும், மொத்தம் 637 தான் வரும் என்று கணக்குச் சொல்லியது.

எல்லாம் தெளிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அப்போது மூத்த அக்கா வாய் திறந்தார். காலையிலிருந்து அவர் கூட்டுக்குள் ஏறிப் பார்க்கவே இல்லை என்பதை நான் கவனித்திருக்கவில்லை.

“பிள்ளை, பாரம் குறைஞ்சாலும் கூடினாலும் நான் அதுக்குள்ள படுக்கமாட்டன்.”

“ஏன் அக்கா?”

“கதவு வெளியாலதான் கொழுவுது. வெளியில நிண்டு ஒராள் கொழுவினால் உள்ளுக்க நிக்கிற நான் என்ன செய்யிறது?”

2009 இல் வன்னியில் அவர் ரக்ரர் பெட்டிக்குக் கீழே தறப்பாள் கட்டி இரவுகளைக் கழித்தவர். பிறகு முகாம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, ஐந்து வயதில், அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நாவற்குழிப் பக்கம் நடந்தவள் நான். அந்த இரவில் மழைக்கு ஒரு கூரை கிடைத்தால் போதும் என்றுதான் எல்லோரும் ஏங்கினோம். ஆனால் கூரை ஒருவருக்கு ஆறுதல், இன்னொருவருக்கு அடைப்பு. கிலோக் கணக்கெல்லாம் எழுதிய என் கொப்பியில் இந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை.

அதன் பிறகு கூட்டின் வடிவத்தைச் சொன்னவர் மூத்த அக்காதான். தாழ்ப்பாள் உள்ளே. பின்கதவு மட்டுமல்லாமல் பக்கத்திலும் ஆள் இறங்கக்கூடிய ஒரு திறப்பு. இரண்டு பக்கமும் மேல்நோக்கித் தூக்கும் பலகை, பகலில் அதுவே கடைக்கு நிழல். தலைமாட்டில் காற்றுப்போக நுளம்புவலை அடித்த யன்னல். அந்த யன்னலை இரவில் முழுதாக மூடக் கூடாது என்று நான் சேர்த்துக்கொண்டேன். அடுப்பும் சிரட்டைக்கரியும் உள்ளே எரிந்தால் புகை மட்டுமல்ல, மணமில்லாத நச்சுவாயுவும் சேர்ந்து தூக்கத்திலேயே உயிரைக் குடிக்கும். சமையல் வெளியேதான். ஓடும்போது சிலிண்டர் பூட்டியபடி, நிமிர்ந்து, கட்டுண்டு நிற்க வேண்டும்.

இந்த முறை கூட்டைப் பெட்டியின் நீளத்துக்கே செய்வித்தோம். செய்து முடிந்ததும் கடைக்காரத் தம்பி ஒரு வித்தை காட்டினார். நிலத்தில் உருளைக் குழாய் ஒன்றை வைத்து, அதன் மேல் கூட்டை ஏற்றி, முன்னும் பின்னும் சாயாமல் நிற்கும் இடத்தில் வெண்கட்டியால் கோடு கீறினார். ஏற்றும்போது அந்தக் கோடு பின்னச்சுக்கு முன்னால் வரவேண்டும். தண்ணீர்க் கலனும் பனங்கட்டிப் பெட்டிகளும் கீழே, சாரதியின் முதுகுப் பக்கமாக. சாரதியின் தலைக்கு மேலே நீண்ட தட்டில் பாய், தலையணை போன்ற பாரமில்லாதவை மட்டும். நான்கு மூலையிலும் திருகி இறுக்கும் கொக்கிகள். கயிற்றை நம்பவில்லை. பத்து மைல் ஓடியதும் நிறுத்தி ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் புதுக் கட்டு கட்டாயம் தளரும். இப்படிச் செய்ய நினைக்கும் சகோதரிகள், காசு கொடுக்க முன்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிய கூட்டோடு முதல் இரவை மணற்காட்டில் கழித்தோம். சவுக்கங்காட்டு ஓரம், இறுகிய நிலமாகப் பார்த்து நிறுத்தினோம். கடல் இரைச்சல் இரவு முழுக்கக் கேட்டது. ஏழடிக்கு ஐந்தடியில் மூன்று பாய்தான் விரிக்கலாம். மற்ற இருவர் வெளியே தறப்பாளுக்குக் கீழ். நடுச்சாமத்தில் நான் விழித்தபோது மூத்த அக்கா பக்கத் திறப்பின் ஓரமாகப் படுத்திருந்தார். தாழ்ப்பாளை ஒருமுறை திறந்தார், மூடினார். பிறகும் ஒருமுறை. சிறிது நேரத்தில் குறட்டை கேட்டது.

காலையில் தேநீர் ஊற்றும்போது சாரதி அக்காவுக்கு அதுதான் முறைப்பாடு. “இவவின்ர குறட்டையில எனக்குக் கடல் சத்தமே கேக்கேல்லை!” வல்லிபுரத் திருவிழாவுக்கு யார் யன்னல் பக்கம் படுப்பது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.