கட்டும் புத்தகமும்

2024 ஜூலை 1, திங்கள்

ஆடிட்டர்கள் தினம். 1949-இல் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் இதே தேதியில்தான். நான் பயிற்சி எடுக்கும் ஆடிட்டர் அலுவலகத்தில் கேக் வெட்டினோம். தட்டு காய்வதற்குள் "யார் ஃபைல் கட்டு எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று சார் ஆரம்பித்துவிட்டார். மாதக் கடைசிக்குள் வருமான வரி ரிட்டர்ன் எல்லாம் போயாக வேண்டும்.

கேக் சாப்பிடும்போது சிவபோகம் அம்மையார் பேச்சு வந்தது. சென்னையில் சி.எஸ். சாஸ்திரியிடம் பயிற்சி எடுத்து 1933-இல் தேறியவர், இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்கும் போனவர். நானோ பன்னிரண்டு நாள் லீவை வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டுவதெப்படி என்று மூக்கால் அழுதுகொண்டிருக்கிறேன்.

2023 ஜூலைக்குமுன் சேர்ந்த சீனியர் அக்காவுக்கு ஆர்ட்டிகிள்ஷிப் என்ற அலுவலகப் பயிற்சி மூன்று வருடம், லீவும் தாராளம். எனக்கு இரண்டே வருடம். அது முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் சி.ஏ. ஃபைனல் எழுத முடியும். உள்ளே இருக்கும்வரை வேலை, வெளியே வந்தபின் படிப்பு என்று கோடு போட்டுப் பிரித்திருக்கிறார்கள். கூடவே பி.காம். தபாலில் படிப்பவளுக்கு அந்தக் கோடு எங்கே போய் நிற்கும்?

ஜூலை 5, வெள்ளி

பாண்டி மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு சரக்கு குடோனில் ஸ்டாக் ஆடிட். பாண்டியில் ஆடிட் கற்றுக்கொள்பவர் என்றைக்காவது ஒரு நாள் பிராந்திப் பெட்டியை எண்ணித்தான் ஆக வேண்டும். பேங்க் கொடுத்த கடனுக்கு அதுதான் ஈடு. முழு பாட்டில் என்றால் பெட்டிக்கு 12, ஆஃப் 24, குவார்ட்டர் 48. காலையில் வாய்ப்பாடாக ஒப்பித்துக்கொண்டே போனேன். அங்கே அடுக்கு கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. நீளம், அகலம், உயரம் எண்ணிப் பெருக்கிவிட்டு நோட்டை மூடப் போனேன். சூபர்வைசர் அண்ணன் டீ சொல்லி அனுப்பியிருந்தார். "நடுவுல இருக்கறத எடுக்கச் சொல்லு" என்றார் அக்கா. ஆள் ஏறி, நான்கு வரிசை இறக்கி, நடுப்பெட்டி ஒன்றை எடுத்துத் தந்தார். கனமாகத்தான் இருந்தது. டேப்பைப் பிரித்துப் பார்த்து, பேட்ச் எண்ணைக் குறித்துக்கொண்டோம். இன்னொரு அடுக்கில் நடுவில் இரண்டு பெட்டி அளவுக்குக் காலியிடம். காற்று போக விட்டதாம். அந்த இரண்டையும் கழித்து எழுதினோம்.

சரக்கு இருப்பை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது தணிக்கைத் தரம் 501-இல் இருக்கிறது. இன்டருக்கு அதை மனப்பாடம் செய்து எழுதியவள்தான் நான். நடுப்பெட்டியை இறக்கச் சொல்ல மட்டும் அது எனக்குச் சொல்லித் தரவில்லை.

குடிக்கும் மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, கலால் வரியும் வாட்டும்தான். இது இனி எனக்கு மறக்காது.

ஜூலை 11, வியாழன்

ஜி.எஸ்.டி.ஆர்-1-க்குக் கடைசி நாள். மே மாத சி.ஏ. தேர்வு ரிசல்ட்டும் இன்றே. போர்ட்டலும் திணறியது, நாங்களும் திணறினோம்.

அக்காவுக்கு முதல் குரூப் கிடைத்துவிட்டது. இரண்டாவது போய்விட்டது, நேரடி வரியில் 38. ஒவ்வொரு பேப்பரிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். காலையிலிருந்து இரவு வரை நேரடி வரியிலேயே குளித்து எழுகிறவர் அக்கா. யார் போன் செய்தாலும் எந்தப் பிரிவு, எவ்வளவு கழிவு என்று புத்தகம் பார்க்காமல் சொல்வார். தேர்வில் கேட்டது எங்கள் ஊர் மளிகைக்கடைக் கணக்கையா? வெளிநாட்டுக் கம்பெனியின் விலை நிர்ணயத்தை. ரோமன் ரோலன் நூலக வாசலில் நின்று ஒரு டீ குடித்தோம். பிறகு திரும்பி வந்து மீதி பில்லை ஏற்றினோம்.

ஜூலை 14, ஞாயிறு

பிரெஞ்சு தேசிய தினம். நேற்று மாலை விளக்கு ஊர்வலம் போனது. நான் ஆபீஸ் ஜன்னலிலிருந்து சத்தம் மட்டும் கேட்டேன். எதிரே ஒரு சொல்தா வீட்டுப் பாட்டி உட்கார்ந்திருந்தார். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். 1962-இல் பாண்டியின் ஆட்சி சட்டப்படி இந்தியாவுக்குக் கைமாறியபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். வைத்துக்கொண்ட குடும்பம். பிரான்சிலிருந்து பென்ஷன், இங்கே வீட்டு வாடகை, டெபாசிட் வட்டி.

"எல்லாத்துக்கும் வரியாம்மா?" என்றார். இந்தியா–பிரான்ஸ் இரட்டை வரி ஒப்பந்தத்தை என் முன்னால் போட்ட சார், "படிச்சுட்டு நீயே பாட்டிக்குச் சொல்லு" என்றார். அரசு கொடுக்கும் பென்ஷனுக்கு ஒரு பிரிவு, தனியார் பென்ஷனுக்கு வேறொன்று. குடியுரிமை எது, குடியிருப்பது எங்கே, இரண்டையும் பார்க்க வேண்டும். அக்காவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். 38 வாங்கிய பேப்பரின் பாதி அந்தப் பாட்டியின் பைக்குள் இருந்தது.

ஜூலை 23, செவ்வாய்

பட்ஜெட். ஐந்து வருடத்தில் ஒரு கோடி இளைஞர்களுக்கு 500 பெரிய கம்பெனிகளில் ஒரு வருடப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய். அப்பா ஆட்டோவிலேயே செய்தி கேட்டிருக்கிறார். "அதுல சேர்ந்திருக்கலாமே?" என்றார். என் ஸ்டைபண்ட் அதைவிடக் குறைவு. ஊரின் மக்கள்தொகையைப் பார்த்துத்தான் குறைந்தபட்சத் தொகை வைத்திருக்கிறார்கள், பாண்டி சென்னை இல்லை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஆர்ட்டிகிள் சேருகிறவர்தான் முதலாளிக்குப் பணம் கட்டுவார் என்று அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு அது ஆறுதலாகத் தெரியவில்லை. எனக்கும்தான். ஆனால் அந்த ஒரு வருடப் பயிற்சி முடிந்து கைக்கு வருவது ஒரு சான்றிதழ். இங்கே முடித்து ஃபைனலும் தேறினால் தனியாக போர்டு மாட்டலாம்.

மதியத்துக்குமேல் போன் ஓயவில்லை. நீண்ட காலம் வைத்திருந்த நிலத்தை விற்றால் லாபத்துக்கு வரி 12.5 சதவீதம், விலைவாசிக் குறியீட்டுச் சலுகை இனி கிடையாது, அதுவும் இன்றிலிருந்தே என்று பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். வில்லியனூரில் மனை விற்க அட்வான்ஸ் வாங்கியவர் சாரை விடவே இல்லை. அக்காவோ நவம்பரில் பழைய சட்டத்தைத்தான் எழுத வேண்டும், தேர்வுக்கு ஆறு மாதம் முன்பு வரை வந்த திருத்தம்தான் செல்லும். பகலில் புதுசு, ராத்திரியில் பழசு.

ஜூலை 31, புதன்

ரிட்டர்ன். ஓ.டி.பி. வரவில்லை. வந்தது. மறுபடி ரிட்டர்ன். பரோட்டா.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நாடு முழுக்க 7.28 கோடிக்கு மேல் ரிட்டர்ன் வந்ததாம். கடைசி நாளில் மட்டும் கிட்டத்தட்ட 70 லட்சம். அதில் எங்கள் பங்கும் உண்டு. சார் உடனே செப்டம்பர் 30 தணிக்கைக் கட்டுகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

நேரடி வரிப் புத்தகத்தை இப்போதே வாங்கித் தொடங்கட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். "வாங்கிடாத. 1961 சட்டத்தையே முழுசா ஆய்வு பண்ணப் போறாங்கன்னு பட்ஜெட்ல சொன்னது காதுல விழலையா? நீ எழுதறதுக்குள்ள எத்தனை மாறுமோ. ஆடிட்டைப் படி, பைனான்சியல் ரிப்போர்ட்டிங்கைப் படி. வரியைப் பாட்டிகிட்ட கத்துக்க." புத்தகத்துக்கு வைத்திருந்த பணத்தில் பி.காம். கட்டணத்தைக் கட்டிவிட்டேன். பரீட்சைக்கு மூன்று நாள் லீவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சார் வாங்கி மேஜை விரிப்புக்கடியில் வைத்திருக்கிறார்.