தம்புள்ளைக்குப் போன ஞாயிறு

மாத்தளையில் குடியிருக்கும் ஒருவருக்குத் துடுப்பாட்டப் பித்தும் இருந்துவிட்டால் அவர்பாடு சற்றுச் சங்கடந்தான். தெற்கே போனால் பல்லேகலை மைதானம். வடக்கே போனால் தம்புள்ளை மைதானம். இரண்டும் சர்வதேசப் போட்டிகள் நடைபெறும் இடங்கள். 2024 ஆம் ஆண்டு ஜூலை 28 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, இரண்டிலும் இலங்கையும் இந்தியாவும் மோத இருந்தன. பல்லேகலையில் ஆடவருக்கான இருபதுக்கு இருபது ஆட்டம். தம்புள்ளையில் மகளிர் ஆசியக் கிண்ணத்தின் இறுதியாட்டம். எந்தத் திசையில் வண்டியைத் திருப்புவது?

எம்மோடு வருவதற்கு உயர்தர வகுப்பு மாணவர் மூவர் ஆயத்தமாய் நின்றனர். மூவரும் பல்லேகலை என்றனர். எம் இல்லாளும் மகளும் தம்புள்ளை என்றனர். "சமரி அத்தபத்து விளையாடுறதைப் பார்க்காம என்ன துடுப்பாட்டம் அப்பா?" என்று மகள் கேட்டாள். வாக்கெடுப்பில் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றிருக்க வேண்டிய கட்சி, வண்டிக்கு வாடகை கொடுப்பவர் எவர் என்ற நியாயத்தினால் வென்றது. ஜனநாயகம் படிப்பிக்கும் ஆசிரியர் செய்யத்தக்க காரியம் இதுவன்று, ஆயினும் செய்தோம்.

முத்துமாரியம்மன் கோவிலில் ஒரு சூடம் கொளுத்திவிட்டுப் புறப்பட்டோம். தம்புள்ளைக்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீற்றர். நகரைத் தாண்டியதும் அளுவிகாரைப் பாறைகள். கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் பௌத்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்ற இடம் என்று நூல்கள் கூறுவது இதனையே. அப்பால் வாசனைத் தோட்டங்கள். ஏலமும் கறுவாவும் மிளகும் மணக்க, பெயர்ப் பலகைகள் இருபுறமும் நம்மை அழைத்த வண்ணம் இருக்கும். வீதியின் அழகை இரசிக்க எம்மை விட்டார்களா என்றால், இல்லை. வண்டிக்குள் ஒரு யுத்தம் மூண்டுவிட்டது.

மூவரில் ஒருவன் யாழ்ப்பாண அணியின் தொப்பி அணிந்திருந்தான். அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, ஜூலை 21 ஆம் திகதி, லங்கா பிரீமியர் லீக் போட்டியின் இறுதியாட்டத்தில் ஜப்னா கிங்ஸ் அணி, காலி மார்வெல்ஸ் அணியை ஒன்பது விக்கெட்டுகளால் வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியிருந்தது. ஐந்து பருவங்களில் அது நான்காவது கிண்ணம். பயலின் தலைக்கனம் தொப்பிக்குள் அடங்கவில்லை.

"யாழ்ப்பாணம் ஜெயிச்சா நாம ஜெயிச்ச மாதிரி இல்லையா, சேர்?" என்றான்.

"மாத்தளை மாவட்டத்தில இருந்துக்கிட்டு யாழ்ப்பாணத்துக்கு என்னடா கொடி? தம்புள்ளைதான் நம்ம அணி" என்றான் அடுத்தவன்.

"ஆமாம், அஞ்சு அணியில அஞ்சாவது!"

இது நியாயமான அடி. அவ்வாண்டு தம்புள்ளை சிக்சர்ஸ் அணி ஒன்றுதான் அடுத்த சுற்றுக்குத் தகுதி பெறாமல் வெளியேறியது. ஆனால் எமக்கு அந்த அணியின் மேல் உள்ள மனத்தாங்கல் தோல்வியைப் பற்றியதன்று. தோற்கும் அணியை நேசிப்பதில் ஒரு சுகம் உண்டு. அதை எல்லா இரசிகரும் அறிவர். எம் குறை, எந்தப் பெயரைச் சொல்லி நேசிப்பது என்பதே. 2020 இல் தம்புள்ளை வைக்கிங்; 2021 இல் தம்புள்ளை ஜயன்ட்ஸ்; 2022 இலும் 2023 இலும் தம்புள்ளை ஓரா; 2024 இல் முதலில் தண்டர்ஸ் என்று வைத்தார்கள். மே மாதத்தில் அதன் உரிமையாளர் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டின் பேரில் கைதாகி, ஒப்பந்தமும் இரத்தாகி, புதிய கை மாறி, சிக்சர்ஸ் என்று ஆயிற்று. ஐந்து பருவங்களில் ஐந்து பெயர்! பிள்ளைக்குப் பெயர் சூட்டு விழா ஒருமுறைதான் நடக்கும் என்று நாம் நினைத்திருந்தோம்.

இன்னொன்றும் உண்டு. முதல் நான்கு பருவங்களிலும் இந்தத் தம்புள்ளை அணி தம்புள்ளை மண்ணில் ஓர் ஆட்டமேனும் ஆடியதில்லை. முதலாண்டு கொள்ளைநோயின் காரணமாக எல்லா ஆட்டங்களும் அம்பாந்தோட்டையில் நடந்தன. பின்னர் கொழும்பும் கண்டியும் வந்தன. 2023 இல் இறுதியாட்டம் வரை முன்னேறி, கண்டி அணியிடம் கொழும்பில் தோற்றது. 2024 இல்தான் லீக் ஆட்டங்கள் தம்புள்ளையை எட்டிப் பார்த்தன.

தொப்பிக்காரனையும் நாம் விடவில்லை. "தம்பி, ஜப்னா கிங்ஸ் அணிக்குத் தலைவர் யார்?" என்றோம்.

"சரித் அசலங்க, சேர்."

"அவர் எந்த ஊர்?"

பையன் தலையைச் சொறிந்தான். அசலங்க காலி மாவட்டத்து எல்பிட்டியவில் பிறந்தவர். காலி ரிச்மண்ட் கல்லூரியில் படித்தவர். எதிரே காலி அணிக்குத் தலைமை தாங்கிய நிரோஷன் டிக்வெல்லவோ கண்டி திரித்துவக் கல்லூரியின் மாணவர். அன்று சதமடித்துக் கிண்ணத்தை வென்று கொடுத்த ரைலி ரூசோ தென்னாபிரிக்கர். எங்கள் தம்புள்ளைக்குத் தலைவராய் வந்த முகம்மது நபி ஆப்கானிஸ்தானத்தவர். எல்லாரும் அருமையான ஆட்டக்காரர்கள், அதில் ஐயமில்லை. யாழ்ப்பாண அணியின் வழியாகத்தான் விஜயகாந்த் வியாஸ்காந்த் என்ற யாழ்ப்பாணத்து இளைஞர் 2020 இல் உலகின் கண்ணில் பட்டு, 2024 இல் ஐதராபாத் சன்ரைசர்ஸ் அணிக்காக இந்தியாவில் ஆடினார் என்பதையும் மறைக்கக் கூடாது. அந்த ஒரு காரியத்துக்காகவே அந்தத் தொப்பியை மன்னிக்கலாம்.

இவ்வாறு பணம் கொடுத்து அணி கட்டும் வழக்கத்துக்கு மூத்தது அமெரிக்க நாடு. அங்கும் உரிமையாளர் நினைத்தால் அணி ஊரை விட்டே போகும். புரூக்ளின் நகரத்தார் உயிராய் நேசித்த டொட்ஜர்ஸ் பேஸ்போல் அணி 1957 ஆம் ஆண்டுப் பருவத்தோடு புறப்பட்டு லொஸ் ஏஞ்சலீசுக்குப் போய்விட்டது. மூன்றாண்டு கழித்து மினியாபொலிசிலிருந்து லேக்கர்ஸ் என்ற கூடைப்பந்தாட்ட அணியும் அதே நகருக்குக் குடிபெயர்ந்தது. லேக்கர்ஸ் என்றால் ஏரி நாட்டார் என்று பொருள். மினியாபொலிஸ் பக்கம் ஏரிகள் மிகுதி. புதிய ஊரில் அந்தப் பெயர் பொருந்தாவிடினும் மாற்றவில்லை. ஊரைப் பிரிந்தாலும் பெயரையாவது காத்தார்கள். பொஸ்டன் ரெட் சொக்ஸ் என்ற பேஸ்போல் அணியோ 1908 முதல் அதே ஊரில் அதே பெயரோடு இருக்கிறது. பாட்டனும் பேரனும் ஒரே பெயரைக் கூவலாம். பெயரும் நிலையாது, விளையாடும் இடமும் நிலையாது என்னும் அணியை என்ன சொல்லிக் கூவுவது?

நாலந்தையில் வண்டியை நிறுத்தினோம். அங்குள்ள கெடிகே என்னும் கற்கோவில், திராவிடச் சிற்ப முறையில் அமைந்த பௌத்தக் கட்டடம். நீர்த்தேக்கம் கட்டியபோது மூழ்கிவிடாதிருக்க, கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மறுபடியும் எழுப்பினார்கள். அதன் நிழலில் தயிர்ச்சாதப் பொட்டலங்களைப் பிரித்தபோது, அதுவரை வாய் திறவாதிருந்த மூன்றாவது மாணவன் மெல்லக் கேட்டான்:

"யாழ்ப்பாணம் அவுங்களுது. தம்புள்ளை இவுங்களுது. தோட்டத்துல இருக்கிற நமக்குன்னு எது சேர்?"

எம் மகள் சாப்பிடுவதை நிறுத்தி எம்மைப் பார்த்தாள். கேலிக்கு இடமில்லாத கேள்வி. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களின் கொள்ளுப்பேரன் அவன். அணியைப் பற்றி மட்டும் அவன் கேட்கவில்லை.

உடனே பதில் தோன்றவில்லை. நாவுலையைக் கடந்த பின்னரே, வீதியைக் காட்டிச் சொன்னோம்: "தம்பி, இந்தத் தாரின் கீழே கிடப்பது எந்தப் பாதை தெரியுமா?" கோப்பிக் காலத்தில், தமிழ்நாட்டுக் கரையிலிருந்து தோணியேறி மன்னார்ப் பக்கம் இறங்கிய நம் முன்னோர், காட்டு வழியே கால்நடையாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தனர். 1880 இல் மாத்தளைக்குப் புகைவண்டி வருமுன் இதுவே வழி. கொலராவினாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே விழுந்தவர் பலர். அவர்களுக்குக் கல்லறை இல்லை. தம்புள்ளை எவருடையது என்று கேட்டால், அங்கே எலும்பைப் போட்டவர்களுக்கும் ஒரு பங்கு உண்டென்றே நாம் சொல்லுவோம். பையன் யன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான். ஒத்துக்கொண்டானா என்பது தெரியவில்லை.

தம்புள்ளை மைதானம் காணத்தக்கது. ஒரு புறம் குளம்; மறுபுறம் குகைக் கோவில்களைத் தாங்கிய பெரும்பாறை. விகாரைக்குச் சொந்தமான அறுபது ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, 167 நாட்களில் கட்டி முடித்தார்கள். 2001 ஆம் ஆண்டு மார்ச் 23 இல் இங்கே இங்கிலாந்தை வென்று இலங்கை ஒருநாள் ஆட்டங்களைத் தொடக்கி வைத்தது. மாணவர்கள் உள்ளே நுழைந்ததும் தேடியது வேறு ஒரு நினைவை. 2010 ஓகஸ்ட் 16 ஆம் திகதி, இந்தியா வெல்ல ஓர் ஓட்டமே தேவை, சேவாக் 99 இல் நின்றார். சுராஜ் ரந்தீவ் வேண்டுமென்றே கோட்டை மீறிக் கால் வைத்து நோ போல் வீசினார். சேவாக் அதை ஆறாக அடித்தும் நோ போலிலேயே ஆட்டம் முடிந்ததால் சதம் கணக்கில் ஏறவில்லை. இலங்கைக் கிரிக்கெட் சபையே ரந்தீவுக்கு ஓர் ஆட்டத் தடை விதித்தது. தில்ஷானுக்கும் அபராதம் போட்டது. நம் நாட்டு அணி என்பதற்காக அதை நாம் மெழுகிப் பூசுவதில்லை. அது சின்னத்தனம். சபை கண்டித்தது நல்ல காரியம்.

அன்றைய இறுதியாட்டத்துக்கு முன் இலங்கை மகளிர் ஐந்து முறை ஆசியக் கிண்ண இறுதிக்கு வந்து, ஐந்து முறையும் இந்தியாவிடமே தோற்றிருந்தனர். முதலில் ஆடிய இந்தியா 165 ஓட்டங்கள் குவித்தபோது, ஆறாவதும் போயிற்று என்றே எண்ணினோம். எம் முன்னே ஒரு சிங்களத் தாய் இரு சிறுமிகளோடு அமர்ந்திருந்தார். அவரும் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டார். பிறகு சமரி ஆடினார். அவர் பந்தை அடிக்கும்போது உடலில் எங்கும் பதற்றம் இல்லை. முற்றத்தில் நெல்லைப் புடைக்கும் பெண்ணின் கைநிதானம். 61 ஓட்டங்களோடு அவர் வெளியேறியபோது மைதானம் ஒருகணம் அடங்கியது. ஹர்ஷிதா சமரவிக்ரமவும் கவிஷா தில்ஹாரியும் விடவில்லை. எட்டுப் பந்துகள் எஞ்சியிருக்க, எட்டு விக்கெட்டுகளால் வெற்றி!

அந்தத் தாய் திரும்பி எம் இல்லாளின் கைகளைப் பற்றிக்கொண்டு சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஆரவாரத்தில் எதுவும் கேட்கவில்லை. தொப்பிக்காரன் தொப்பியைக் கழற்றி வானத்தில் எறிந்தான். அது இரு வரிசைகளுக்கு அப்பால் எவரோ ஒருவரின் மடியில் விழ, அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பல்லேகலைக்குப் போக விரும்பிய மூவரில் ஒருவனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இரவு திரும்பி வந்து, மூன்றாவது மாணவனைத் தோட்டத்து வழியில் இறக்கினோம். இலயத்து வாசலில் அவன் தாயார் விளக்கோடு நின்றார். "என்னடா ஆச்சு?" என்று அவர் கேட்பதும், "ஜெயிச்சிட்டோம்மா!" என்று அவன் கத்துவதும் கேட்டது. வீடு வந்து வானொலியைத் திருகினோம். பல்லேகலையில் மழை.